ஜன்னலுக்கும் ஒரு சீட்டு

தண்ணீர் என்றாலே எனக்குப் பயம். சென்னப்பட்டணத்தில் பிறந்து, முப்பத்தைந்து வருஷமாகக் கடலைக் கரையில் நின்றே பார்த்தவன் நான். அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு, "பழவேற்காட்டுக்குப் போய்விட்டு வா" என்றார் முதலாளி. வேறு காரியமாக இருந்தால் காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்திப் படுத்திருப்பேன். ஆனால் பழுதாகிக் கிடந்தது மதாம் கொர்னேலியாவின் பியானோ.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பரம்பரையில் தச்சன். கதவும் கட்டிலும் செய்திருக்க வேண்டிய கை, கறுப்பர் பட்டணத்தில் ஒரு வெள்ளைக்காரரின் வாத்தியக் கடையில் பியானோவுக்குக் கம்பி முறுக்கிக்கொண்டிருக்கிறது. மதாம் சென்னப்பட்டணத்தில் வாசித்த மூன்று கச்சேரிகளிலும் நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கம்பி அறுந்தால் ஓடிப்போய் மாட்ட வேண்டும், அதுதான் வேலை. ஒரு கம்பியும் அறவில்லை. நான்தான் ஒவ்வொரு நிமிஷமும் அறுந்துகொண்டிருந்தேன். அந்தக் கைகள் கட்டைகளின் மேல் ஓடும் வேகத்தைக் கேட்டால் எந்தக் கம்பிதான் தாங்கும் என்று தோன்றும்.

அவருக்கு இருந்த ரசிகர்களைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். துரைசானிகள் அவரைப் போலவே கொண்டையில் நீல நாடா கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு கப்பல் வியாபாரி, மதாம் கழற்றி வைத்த கையுறையைச் சட்டைக்குள் ஒளித்ததை என் கண்ணால் பார்த்தேன். வாசித்து முடித்ததும் எல்லோரும் எழுந்து நின்று கை வலிக்கத் தட்டுவார்கள். எனக்கு அவர்களைக் கண்டால் எரிச்சல். அவருடைய உண்மையான ரசிகன் திரைக்குப் பின்னால் இருக்கும் நான் ஒருவன்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. இந்த நினைப்புதான் பின்னால் என்னைக் கெடுத்தது.

மதாமின் தம்பி பழவேற்காட்டில் உலாந்தாக்காரர்களின், அதாவது டச்சுக்காரர்களின், அதிகாரி. அவர் வீட்டில் மூன்று மாதமாகத் தங்கியிருந்தார் மதாம். நான் போய்ச் சேரும் நாளிலிருந்து நாலாம் நாள் ஜாவாத் தீவின் பதாவியாவுக்கு அவருக்குக் கப்பல். அதற்கு முன் மூன்று மாலைகள் வாசிக்க வேண்டும், உப்புக்காற்றில் கம்பிகள் துருவேறிவிட்டன, ஆள் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். அந்த ஆள் நான்.

பட்டணத்திலிருந்து ஒரு ராத்திரிப் பயணம்தான். ஆனாலும் அது அயல் தேசம். இந்தப் பக்கம் இங்கிலீஷ் கொடி, அந்தப் பக்கம் உலாந்தாக் கொடி. எல்லைக் காவல்காரன் என் பையைக் கவிழ்த்து, எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்த கம்பிச்சுருளைத் தூக்கிப் பிடித்தான்.

"இத வெச்சிகினு யாரத் தூக்குல போடப் போற?"

"வாத்தியத்துக்கு ஐயா."

"வாத்தியத்துக்கு எதுக்குயா இத்தினி கம்பி?"

பொட்டிக்காரம்மா வீட்டுக்கு என்றேன். அவன் முகமே மாறிவிட்டது. சுருளை நான் வைத்திருந்ததைவிடப் பதமாகச் சுற்றி என் கையில் கொடுத்தான். பியானோ அவர்களுக்குப் பொட்டி; அதனால் ஊர்க்காரர்கள் மதாமுக்கு வைத்திருந்த பெயர் அது, வழியில் என் காதில் விழுந்திருந்தது.

ஏரியில் என்னைக் கொண்டுபோன படகுக்காரன் முனியன். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் வாய்க்கு வாய் என்னை நைனா என்பான். பாதி வழியில் படகு சேற்றில் மாட்டிக்கொண்டது. "எறங்கு நைனா, முட்டிக்கால் தண்ணிதான்" என்றான். இறங்கினேன், இடுப்பு வரை வந்தது. முனியனின் முட்டி எங்கே இருக்கிறது என்று அப்போது எனக்குச் சந்தேகம் வந்தது. பையைத் தலையில் வைத்துக்கொண்டு, எதன் மேல் மிதிக்கிறேன் என்று தெரியாமல், தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். ஒரு இடத்தில் கால் வழுக்கிப் பையின் ஒரு மூலை தண்ணீரில் நனைந்துவிட்டது. அந்த மூலையில்தான் மெல்லிய கம்பிகள் இருந்தன. கரை ஏறும் வரை அந்த நினைப்பைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

பழவேற்காட்டில் கோட்டை இடிந்து கிடக்கிறது. இங்கிலீஷ்காரன் இடித்துவிட்டுப் போனானாம். ஊரை உலாந்தாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டதில் கொடி மட்டும் புதிது. அதிகாரியின் வீடு ஏரியை ஒட்டி இருந்தது. பியானோ இருந்த அறையின் பெரிய ஜன்னலுக்குக் கீழே நேரே தண்ணீர். இவ்வளவு பெரிய வாத்தியத்தை ஈரத்துக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று என் தச்சன் புத்திக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. கட்டைகள் ஊறி ஒன்றோடொன்று உரசின. மேல்வரிசைக் கம்பிகளில் பாதி சிவந்து கிடந்தன. சாப்பிடாமல் உட்கார்ந்து வேலை செய்தேன்.

வேலை நடுவில் கொல்லைப்புறம் ஒரு பெண் வந்தாள். பேர் அஞ்சலை, பக்கத்துக் குப்பத்துக்காரி. மூன்று மாதமாக நாள் தவறாமல் மதாமுக்கு இறால் கொண்டுவருகிறாளாம், யார் சொல்லியும் அல்ல. மதாம் என்னிடம் இங்கிலீஷில், "இவ்வளவு ருசியான இறாலை நான் எந்த நாட்டிலும் சாப்பிட்டதில்லை, அற்புதம் என்று சொல்லு" என்றார். நான் பட்டணத்துக்காரன், குறைவாகச் சொல்லிப் பழக்கமில்லை. "இந்த ஏரியிலேயே உன் வலையைப் போல வலை இல்லை, அற்புதம், பிரமாதம் என்று சொல்கிறார்கள்" என்று கூடக் கொஞ்சம் போட்டுச் சொன்னேன்.

அவள் முகம் செத்துப்போயிற்று. "யோவ், வாயக் கழுவு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். பாராட்டினால் கோபப்படுகிற ஊர் இது என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் கம்பியைப் பிடித்தேன். பிறகு எனக்கும் ஒரு தட்டு இறால் வந்தது. மிளகு தூக்கலாக, தொக்குப் பதத்தில். எங்கள் பட்டணத்து இறால் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. நல்லவேளை, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வெயில் தாழ்ந்ததும் மதாம் வாசிக்க உட்கார்ந்தார். நான் வழக்கம்போலத் திரைக்குப் பின்னால். ஜன்னல் வழியே பார்த்தால், கீழே பத்துப் பன்னிரண்டு படகுகள் நெருக்கமாக நின்றன. ஆணும் பெண்ணும் கைக்குழந்தைகளுமாக ஜனங்கள். துடுப்பு தண்ணீரில் படாமல் மடியில் வைத்திருந்தார்கள். ஒரு குழந்தை சிணுங்கியபோது அதன் அம்மா முந்தானையால் மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள். முக்கால் மணி நேரம் ஒரு இருமல் இல்லை. மதாமின் இடது கை கீழே இடிபோல் இறங்கும்போது மட்டும் படகுகள் லேசாக ஆடின. முடிந்தது. ஒருவரும் கை தட்டவில்லை. கழியை ஊன்றி, வந்த மாதிரியே சத்தமில்லாமல் போய்விட்டார்கள்.

மதாம் ஜன்னலில் நின்று அவர்கள் போவதையே பார்த்தார். "மூன்று மாதமாக இப்படித்தான். வருகிறார்கள், போகிறார்கள். உன் பட்டணத்தில் சீட்டாடிக்கொண்டே கேட்டுவிட்டு எழுந்து நின்று கை தட்டினார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இவர்களுடைய மௌனத்துக்கு அர்த்தம் தெரியாமல் நான் கப்பல் ஏற முடியாது. நீ போய்க் கேட்டு வா. என்ன சொல்கிறார்களோ அதை அப்படியே எனக்குச் சொல்ல வேண்டும்."

மறுநாள் காலை முனியன் படகில் அஞ்சலையின் குப்பத்துக்குப் போனேன். இந்தத் தடவை பயம் தெரியவில்லை, பெருமை ஏறி உட்கார்ந்திருந்தது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களிடம், பொட்டிக்காரம்மா வாசிப்பு எப்படி என்று கேட்டேன்.

"சுமாரு" என்றார் ஒருவர்.

"ஏதோ போவுது" என்றார் இன்னொருவர்.

அஞ்சலை கிழிந்த வலை ஒன்றை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். நேற்று மாலை அவள் வலைக்கு ஒன்றும் விழவில்லையாம், கல்லில் மாட்டிக் கிழிந்ததுதான் மிச்சம். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பெருசா ஒண்ணியும் இல்ல" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த வாசிப்பைக் கேட்டுவிட்டுச் சுமாராம்! ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், எரிச்சலுக்கு அடியில் ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது. கடைசியில் அவரைப் புரிந்துகொண்டவன் நான் ஒருவன்தான் என்று ஆயிற்றே. அந்தச் சந்தோஷத்தோடுதான் திரும்பிப் போய், மூன்று பதில்களையும் ஒன்று விடாமல் மதாமிடம் ஒப்பித்தேன்.

அவர் கேட்டுக்கொண்டே தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து போய் பியானோவின் மூடியைச் சாத்தினார். "நன்றி. கம்பி வேலையை நிறுத்திவிடலாம். பெட்டியில் வைத்து ஆணி அடித்துவிடு" என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் நான் அந்த அறையில் ஆணியும் சுத்தியலுமாக நின்றேன். சாத்திய ஜன்னலின் கண்ணாடி வழியே பார்த்தேன், கீழே படகுகள் வந்து சேர்ந்தன. நேற்று வந்தவர்கள் இல்லை, வேறு முகங்கள். ஜன்னலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். சூரியன் இறங்கியது. ஜன்னல் சாத்தியே கிடந்தது. ஏன் என்று ஒருவரும் குரல் கொடுக்கவில்லை. வெளிச்சம் போனதும் திரும்பிப் போனார்கள். எங்கேயோ பெரிய தப்புச் செய்துவிட்டேன் என்று தெரிந்தது, எங்கே என்றுதான் தெரியவில்லை.

மூன்றாம் நாள் விடிந்ததும் முனியன் கொல்லைப்புறம் வந்து நின்றான்.

"இன்னா நைனா, நேத்து பொட்டி வாசிக்கலியாமே? அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லியா?"

நடந்ததைச் சொன்னேன். அவன் வாய் பிளந்தபடி என்னைப் பார்த்தான்.

"அதப் போயி அப்டியேவா சொன்ன?"

"அவர்கள் சொன்னதைத்தானே சொன்னேன்!"

"வலை நெறைய மீன் வந்தா நல்லா வந்துச்சுன்னு யாராச்சும் சொல்வாங்களா? கண்ணு பட்டு அடுத்த நாளு ஒண்ணியும் வராது. படகு முழுகற அளவுக்கு வந்தாலும், இன்னாபா கெடச்சுதுன்னு கேட்டா, சுமாருன்னுதான் சொல்வோம். பொட்டிக்காரம்மா வெரலுக்குக் கண்ணு பட்ரப் போவுதுன்னு எங்க பொம்பளைங்க நேந்துகினு கீறாங்க. நீ இன்னாடான்னா..."

அப்போதுதான் அஞ்சலையின் செத்த முகம் எனக்குப் புரிந்தது. அற்புதம், பிரமாதம் என்று அவள் வலையை நான் புகழ்ந்த அன்றைக்கே அது வெறுமையாக வந்து கிழிந்தது. இங்கிருந்து அங்கே ஒரு கண்ணேறு, அங்கிருந்து இங்கே ஒரு அவமானம். இரண்டையும் சுமந்துகொண்டு போய்க் கொடுத்தவன் நான்.

முனியன் அதோடு விடவில்லை. "இன்னிக்கு வடக்க சுண்ணாம்புக்குளத்து ஆளுங்களோட பாடு. காலைலயே பொறப்பட்டிருப்பாங்க. காத்து வேற எதிர். ஒரு பகலு பூரா கழி ஊணிகினு வந்து, மூடுன ஜன்னலப் பாத்துட்டுப் போவாங்களா?"

பாடு என்பதை நான் விசாரித்தேன். இந்த ஏரியில் எல்லாத் தண்ணீரும் எல்லோருக்கும் இல்லை. இறால் ஓடும் இடம், மடவை மீன் கிடைக்கும் இடம், வெறும் சேறு என்று பிரித்து, எந்த நாள் எந்தக் குப்பம் எங்கே வலை போடுவது என்று சீட்டுப் போட்டு எடுக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு குப்பத்துக்கு ஒரு இடம், அதுதான் பாடு. மதாம் வாசிக்க ஆரம்பித்த முதல் வாரத்தில் ஜன்னலுக்குக் கீழே இடம் பிடிக்கப் பெரிய அடிதடி நடந்திருக்கிறது. கடைசியில் அந்த ஜன்னல் தண்ணீரையும் சீட்டில் சேர்த்துவிட்டார்கள்.

மதாமிடம் ஓடினேன். கண்ணேறு, வலை, சுமார் எல்லாவற்றையும் என் உடைந்த இங்கிலீஷில் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ நல்ல மனிதன். நேற்று உண்மையைச் சொன்னாய், இன்று ஆறுதல் சொல்கிறாய்" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நேற்று அவ்வளவு நம்பும்படி சொன்னவன் நான்தானே, யாரை நோவது?

ஒரே வழிதான் தெரிந்தது. அஞ்சலையிடம் போனேன். அவர்கள் குப்பத்துச் சீட்டு ஓலைகள் அவள் வீட்டில்தான் இருந்தன. பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னும் இன்னா பிரமாதம் சொல்ல வந்த, மேஸ்திரி?"

"தப்புதான் அம்மா. எனக்கு உங்கள் வழக்கம் தெரியாது. நான் போட்ட முடிச்சை அவிழ்க்க எனக்கு அந்தச் சீட்டு வேண்டும். இல்லாவிட்டால் இன்றைக்கும் வாசிக்க மாட்டார்கள்."

"நான் ஒண்ணியும் உனக்காவ வரல. சுண்ணாம்புக்குளத்துல எங்க அக்காவக் குடுத்துகீது. அவ வர்றா இன்னிக்கு" என்று சொல்லி, ஓலைகள் கிடந்த பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என் முன்னால் நடந்தாள்.

மதாமின் முன்னால் தரையில் ஓலை நறுக்குகளைப் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் கீறிய ஒரு குறி. ஒன்றில் கொக்கிபோல் வளைந்த இறால், ஒன்றில் முகத்துவாரத்துக்கு இரண்டு கோடு, ஒன்றில் மணல் திட்டு. நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசி ஓலையில் ஒரு சதுரம், அதற்குள் பல்வரிசை போல நெருக்கமாகச் சின்னக் கோடுகள்.

"இது?" என்றார் மதாம்.

"இந்த ஜன்னல் அம்மா. உள்ளே இருப்பது உங்கள் பியானோவின் கட்டைகள்."

அவர் ஓலையைக் கையில் எடுத்தார். "இது யாருக்கு விழுகிறதோ, அவர்கள் அன்று மாலை எங்கே மீன் பிடிப்பார்கள்?"

நான் கேட்க, அஞ்சலை இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தாள். "எங்கயும் இல்ல. அன்னிக்கு அவங்களுக்கு இதான் பாடு. எறாலு ஓடற நேரமும் இதே பொழுதுதான். ரெண்டும் வேணும்னா முடியுமா?"

மொழிபெயர்த்தேன். மதாம் அந்த ஓலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம், "ஆணிகளை எடு" என்றார்.

அன்று பகல் நான் பட்ட அவஸ்தையைப் போல என் தொழிலில் பட்டதில்லை. பெட்டியைப் பிரித்துப் பியானோவை நிறுத்தவே மத்தியானமாகிவிட்டது. ஏரித் தண்ணீரில் நனைந்த கம்பிகளில் ஒன்று முறுக்கும்போதே அறுந்து என் கன்னத்தைக் கீறியது. அதே கனத்தில் இன்னும் ஒன்றுதான் இருந்தது. அதை மாட்டிவிட்டு மூச்சுவிடவும் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பொழுது சாய்ந்தது. மதாம் வந்து உட்கார்ந்தார். ஜன்னலுக்குக் கீழே தண்ணீர் காலியாகக் கிடந்தது. காற்று எதிர் என்று முனியன் சொன்னது என் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. தம்பி வந்து, விருந்தாளிகள் காத்திருக்கிறார்கள் என்றார். "நானும் காத்திருக்கிறேன்" என்றார் மதாம். பட்டணத்தில் பெரிய துரைக்காகக்கூட ஐந்து நிமிஷம் பொறுக்காதவர் அவர். கைகளை மடியில் வைத்து, இறங்கும் சூரியனையும் வடக்குத் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். சூரியன் பாதி மறைந்தபோது முதல் கழி தெரிந்தது. பிறகு ஒன்பது படகுகள். வியர்வையில் குளித்த ஜனங்கள் மூச்சு வாங்குவதைக்கூட அடக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

அன்று அவர் வாசித்ததைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அந்த ஊரில் நான்கு நாள் இருந்துவிட்டு அதைப் புகழ எனக்குத் துணிவு வரவில்லை. கம்பி அறவில்லை. அதை மட்டும் சொல்கிறேன்.

முடிந்ததும் மதாம் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலில் எட்டி, எப்படி இருந்தது என்று கேட்டேன். அஞ்சலையின் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்துப் படகுக்குக் கேட்கும்படி, "இதுக்கா இத்தினி தூரம் வந்தோம்?" என்றாள். அப்படியே மொழிபெயர்த்தேன். மதாம் சிரித்தார். சிரிக்கும்போதே கண்கள் நிறைந்துவிட்டன.

நாலாம் நாள் காலை கரையில் கூட்டம். கடலில் கப்பல் நின்றது. அஞ்சலை ஒரு சட்டியில் நண்டு சமைத்துக் கொண்டுவந்திருந்தாள். மதாம் நின்றபடியே ஒரு காலை ஒடித்து உறிஞ்சினார். அஞ்சலை அவர் வாயையே பார்த்தாள், நானும்தான். என்ன சொல்லப் போகிறாரோ என்று பயம் எனக்கு. மதாம் மென்று விழுங்கிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல், தமிழில் அவளிடம் சொன்னார்:

"சுமார்."

அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. மதாம் படகில் ஏறும்போது அவரிடம் இருந்த அந்த ஜன்னல் ஓலையைத் திருப்பிக் கொடுத்தார். அஞ்சலை அதை வாங்கி மடியில் செருகினாள்.

"இனிமேல் அது எதற்கு அம்மா?" என்று கேட்டேன். "வாசிக்க ஆள் இல்லையே."

"கெடக்கட்டும். சீட்டுல அதுவும் இருக்கட்டும். உழுந்தவங்க அன்னிக்கு வந்து சும்மா குந்திகினு போவாங்க."

படகு நகர ஆரம்பித்திருந்தது. "அவள் என்ன சொன்னாள்?" என்று மதாம் கேட்டார். நான் தண்ணீரில் இடுப்பளவு இறங்கிப் போய், அதைச் சொல்லிவிட்டு வந்தேன்.